கடன் கட்டாதது பாவமா?

ஆராதனை முடிந்து சபை கலைந்தபின் பீடி சுற்றும் பெண் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, குழு லோன் ரெண்டு வாரமா கட்டல. இது பாவமா?"

தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில் குழுக் கூட்டம் ஏதாவதொரு வீட்டு முற்றத்தில் பாய் விரித்து நடக்கும். ஒருத்திக்குத் தவணை குறைந்தால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது. நூறு, இருநூறு என்று போட்டு நிரப்புவார்கள். பிறகு அவளோடு பேச்சில்லை. வசூலுக்கு வரும் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை, அவனும் சம்பளக்காரன்தான். கடன் தாளில் ஆட்டுக்குட்டி வாங்க என்றிருக்கும். பணம் போனது மாமியாரின் ஸ்கேனுக்கும் மகளின் நர்சிங் ஃபீஸுக்கும். மருத்துவமும் படிப்பும் விலைக்கு வந்தபின் அந்தச் செலவைச் சுமப்பவளுக்குத் 'தொழில்முனைவோர்' என்று பட்டம். நொடித்தால் பழியும் அவளுக்கே. சிறுகடன் நிறுவனங்களுக்கு இருந்த வட்டி உச்சவரம்பையும் 2022-இல் ரிசர்வ் வங்கி எடுத்துவிட்டது.

பைபிளில் நெகேமியா 5-ஆம் அதிகாரத்தில் இதே முறையீடுதான். ராஜாவின் வரிக்குக் கடன் வாங்கினோம், நிலம் போயிற்று, பிள்ளைகள் அடிமைகளானார்கள் என்று ஜனங்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் கதறுகிறார்கள். நெகேமியா அவர்களுக்குச் சிக்கனம் போதிக்கவில்லை. கடன் கொடுத்த பெரிய மனிதர்களைச் சபை நடுவே நிறுத்தி, நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைத்தார்.

உபாகமம் 15 ஏழாம் வருஷத்தில் கடனை விடச் சொல்கிறது. அப்படியானால் யார் கடன் கொடுப்பார்கள்? அந்தக் கேள்வியும் அதே அதிகாரத்தில் இருக்கிறது: வருஷம் நெருங்குகிறதென்று ஏழைக்குக் கொடுக்காமல் இருக்காதே என்கிறது. ஆனாலும் கொடுக்கத் தயங்கினார்கள். கடன் அழியாமலிருக்க ஹில்லேல் என்ற யூத ஆசான் பின்னர் ஒரு சட்டவழி கண்டார். அதை நான் மறைக்கவில்லை.

பொருளியலாளர் மைக்கேல் ஹட்சன் இன்னும் பழைய கதை சொல்கிறார். பாபிலோன் மன்னன் அம்மிசதூக்காவின் ஆணை குடியானவனின் கடனை அழித்தது, வியாபாரக் கடனைத் தொடவில்லை. நம் நாட்டில் தலைகீழ். 2016-இன் திவால் சட்டப்படி பல கம்பெனிகளின் கடனில் பெரும்பங்கை வங்கிகள் விட்டுக்கொடுத்திருக்கின்றன. அதற்கு 'ஹேர்கட்' என்று செல்லப்பெயர் வேறு. அந்த முதலாளிகளில் யாரும் இது பாவமா என்று என்னிடம் கேட்டு வந்ததில்லை.

பாவமில்லை என்றுதான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அதே திவால் சட்டத்தில், ஆண்டு வருமானம் 60,000 ரூபாயைத் தாண்டாத ஏழைகளின் சிறு கடனைத் தீர்க்கவும் ஒரு பகுதி எழுதப்பட்டிருக்கிறது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.