மேய்ப்பனின் நாய்

வேதத்தில் நாய்க்கு நல்ல பெயர் அதிகம் இல்லை. பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது பொல்லாத வேலையாட்களைத்தான் நாய்கள் என்கிறார். ஏசாயா 56ஆம் அதிகாரத்தில் கடமை மறந்த காவற்காரர் குரைக்கத் தெரியாத ஊமை நாய்கள். ஆனாலும் யோபு 30ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தைத் திறந்து பாருங்கள். யோபுவின் மந்தையோடு நாய்களும் இருந்தன.

போதகர்களாகிய நம்மை அந்த நாயின் இடத்தில் வைத்தே இன்று பேசுகிறேன். யாரும் வருத்தப்படக் கூடாது. பிரதான மேய்ப்பர் ஒருவர் உண்டு என்று பேதுரு எழுதிவிட்டார். நாம் அவருக்கு ஒத்தாசைக்கு நிற்கிறவர்கள்.

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சந்திக்கும் மலைநாட்டில் உருவான மேய்ப்பு நாய் இனம் பார்டர் கோலி. 1893இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ஓல்டு ஹெம்ப் என்ற நாயை இந்த இனத்தின் தகப்பன் என்பார்கள். அந்தக் காலத்து நாய்கள் பல குரைத்தும் கடித்தும் ஆடுகளை விரட்டும். ஹெம்ப் சத்தமே போடாது. தலையைத் தாழ்த்தி உற்றுப் பார்க்கும், ஆடு நகரும்.

அந்த நாய்கள் வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். மேய்ப்பன் சரிவின் அடியில் நிற்கிறான். ஆடுகள் மேலே, 300, 400 கெஜத் தூரத்தில். ஏவியதும் நாய் நேராக ஓடுவதில்லை. நேராக ஓடினால் மந்தை மிரண்டு சிதறிவிடும். அகலமாய் வளைந்து, சுற்றிப்போய், ஆடுகளுக்குப் பின்னால் வந்து அசையாமல் நிற்கும். ஆடுகள் தலைதூக்கிப் பார்க்கும். பிறகுதான் நாய் மெல்ல ஓர் அடி எடுத்து வைக்கும். மந்தை நடக்கத் தொடங்கும். எங்கே போகிறது? மேய்ப்பனிடம். நாயின் கண் ஆடுகள்மேல் இருந்தாலும், காது முழுவதும் கீழேயிருந்து வரும் சீட்டியில் இருக்கிறது. மூடுபனி அவனை மறைத்தாலும் அது கேட்கும்.

மந்தையை அவசரப்படுத்தக் கூடாது என்பதை வேதத்திலும் பார்க்கிறோம். அண்ணன் ஏசாவோடு சேர்ந்து நடக்க யாக்கோபு ஏன் மறுத்தான்? கறவை ஆடுகளை ஒரே நாள் துரிதமாய் ஓட்டினாலும் மந்தை முழுவதும் மாண்டுபோகும் என்று அவனுக்குத் தெரியும். இருபது வருஷம் வெயிலிலும் பனியிலும் ஆடு மேய்த்தவன் அல்லவா!

ஊழியத்தின் தொடக்கத்தில் நான் நேராக ஓடினவன். ஆராதனைக்கு வராமல் நின்றுபோன ஒரு வாலிபனை, பெயர் சொல்லாமல், ஆனால் எல்லோருக்கும் புரியும்படி பிரசங்கத்தில் கண்டித்தேன். மறுவாரம் அவன் தாயாரும் வரவில்லை. அந்தக் காலி இடம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சில மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். அம்மாவின் முழங்கால் வலிக்காக ஜெபித்துவிட்டு வந்தேன். அடுத்த மாதமும் அவ்வளவுதான். மூன்றாம் முறை போனபோது அந்தப் பையனே திண்ணையில் நாற்காலி எடுத்துப் போட்டான். அன்றைக்கும் நான் சபையைப் பற்றிப் பேசவில்லை.