நடுநிலையும் மௌனமும்

"இல்லறத்தாருக்கு அரசியல் எதற்கு?" என்னும் கேள்வி நம் சமண இல்லங்களில் அடிக்கடி எழுவதாகும். வேலைக்குச் செல்லும் மகனோ மகளோ நாட்டு நடப்பைப் பற்றிச் சூடாகப் பேசத் தொடங்கினால், "நமக்கு ஏன் அந்த வம்பு? நாம் நடுநிலையில் நிற்பவர்கள்" என்று பெரியோராகிய நாம் அடக்கிவிடுகிறோம். இவ்வாறு அடக்குவது அறத்திற்கு இசைந்ததா என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அவ்விளைஞரின் நிலையை அறிவோம். வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரங்களில் நிலத்தை நம்பி வாழ்ந்த நம் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று வேலை தேடிப் பல நகரங்களுக்கும் செல்கின்றனர். நான் வாழும் சாமளாபுரம், திருப்பூர் மாவட்டத்தில் நொய்யல் ஆற்றை ஒட்டி அமைந்த பேரூர். சுற்றிலும் விசைத்தறிகள், சற்றுத் தொலைவில் திருப்பூரின் பனியன் கம்பெனிகள். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எனப் பிரித்து நடைபெறும் அவ்வேலையில் பலருக்கும் உருப்படிக் கணக்கில்தான் கூலி. ஆர்டர் குவிந்தால் ஒன்றரை ஷிப்ட். ஆர்டர் நின்றால் வேலையே இல்லை. 2025 ஆகஸ்டு 27 அன்று இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா விதித்த வரி 50 விழுக்காடாக உயர்ந்தது. அம்முடிவு எடுக்கப்பட்ட நகரைக் கனவிலும் கண்டிராத தையல் தொழிலாளியின் வாரச் சம்பளத்தையும் அச்சம் சூழ்ந்தது. தன் சோறு எங்கோ இருப்பவரின் கையெழுத்தில் அடங்கியிருப்பதை உணர்ந்த இளைஞன் அரசியல் பேசாதிருப்பது எங்ஙனம்?

ஆச்சாரியர் உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம், விரதங்களைக் கூறும் ஏழாம் அத்தியாயத்தில், நான்கு பாவனைகளை நமக்கு விதிக்கின்றது. எல்லா உயிர்களிடத்தும் மைத்ரி; நற்குணத்தாரிடத்து மகிழ்ச்சியாகிய பிரமோதம்; துன்புறுவோரிடத்துக் காருண்யம்; நல்லுரையை ஏலாதாரிடத்து மாத்தியஸ்தம். நாம் நடுநிலை என வழங்குவது இவற்றுள் நான்காவதாகிய மாத்தியஸ்தமே. அது யாரிடத்துக் காட்டத்தக்கது என்பதை ஊன்றி நோக்குக. துன்புறுவோரிடத்து நடுநிலை காட்டுமாறு ஆச்சாரியர் கூறவில்லை. அவர்களுக்கு உரியது காருண்யம். இந்த இடமாற்றமே நம் மௌனத்தில் நேரும் பிழை. இனி, அரசியல் கருத்துக்கு இந்நான்கும் எவ்வாறு வழிகாட்டும் என்பதைக் காண்போம்.

மைத்ரி முதலாவது. 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகச் சில காணொளிகள் பரவின. அவற்றுட் பல வேறிடங்களில், வேறு காரணங்களால் நிகழ்ந்தவை. ஆயினும் திருப்பூரில் பணிபுரிந்த தொழிலாளர் பலர் நடுங்கினர். சிலர் ஊருக்கே திரும்பினர். பீகார் அரசு அதிகாரிகள் குழுவொன்றை அனுப்பி நிலைமையை அறிய வேண்டியதாயிற்று. பக்கத்துத் தையல் இயந்திரத்தில் அமர்ந்திருப்பவன் எம்மொழி பேசினும் தன்னைப் போலவே பிழைக்க வந்தவன் என்பது மைத்ரி. ஆராயாத செய்தியைக் கைப்பேசியில் பிறர்க்கு அனுப்புவதும் பொய்யாமை விரதத்திற்கு இழுக்காகும் என்பதை நம் பிள்ளைகள் உணர வேண்டும்.

இரண்டாவது பிரமோதம். தேசிய, மாநில நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் ஆணையிட்ட பின்னர், அவை ஊர்களுக்குள் இடம்பெயரத் தொடங்கின. 2017 ஏப்ரல் 11 அன்று சாமளாபுரத்துப் பெண்கள், தம் ஊரில் மதுக்கடை வேண்டாவெனச் சாலையில் திரண்டனர். தடியடி நடந்தது. காவல்துறை அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்த காட்சி நாடெங்கும் பரவியது. மதுவை விலக்குதல் இல்லறத்தாரின் மூலகுணங்களுள் ஒன்றெனப் பயின்ற நாம், அப்பெண்களின் சமயம் எது, சார்பு எது என வினவுதல் தகாது. குணத்தைக் கண்டவிடத்துக் கட்சி பாராது மகிழ்தலே பிரமோதம்.

மூன்றாவதாகிய காருண்யமே கடினமானது. துன்புறுவோர் இரு பக்கத்திலும் நின்றால் என் செய்வது? விவசாயத்திற்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிணறுகளும் வயல்களும் உப்பேறின. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். கழிவை முற்றிலும் நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட, அவற்றை நம்பிய தொழிலாளர் வேலையிழந்தனர். விவசாயியின் கண்ணீரும் மெய். தொழிலாளியின் பசியும் மெய். நீருயிர்களின் அழிவோ வாய் திறந்து சொல்ல இயலாத மெய்.

அநேகாந்தம் இங்கு நமக்குக் கைகொடுக்கும். எல்லாப் பக்கமும் உண்மை உண்டு எனக் கூறி ஒதுங்குவது அநேகாந்தம் ஆகாது. எல்லா உண்மைகளையும் கணக்கிற் கொண்டு ஒரு முடிவுக்கு வருவதே அதன் பயன். ஆற்றைக் கெடுக்கும் தொழில்முறை நிற்க வேண்டும்; அது நிற்கும் காலத்தில் தொழிலாளியின் அடுப்பு எரிய வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே கேட்பவனே காருண்யத்தோடு அரசியல் பேசுபவன். கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தி, ஆற்றில் விடாமலே சாயமேற்றும் முறை பின்னர்த் திருப்பூரில் நடைமுறைக்கு வந்தது. விவசாயிகள் மௌனமாக இருந்திருந்தால் இம்மாற்றத்திற்கு வழி பிறந்திருக்குமா? வாழ்க்கைத் தொழிலில் நேரும் உத்யோகி ஹிம்சையை இல்லறத்தார் முற்றும் விலக்க இயலாது என்பர். எனினும் குறைக்க இயன்றதைக் குறையாது விடுதற்கு அது சாக்காகலாகாது.

மாத்தியஸ்தம் இறுதியில் வருவது. எடுத்துரைத்தும் ஏலாதவன், ஏசுபவன், எதிர்க்கட்சிக்காரன் ஆகியோரிடத்து வெறுப்புக் கொள்ளாதிருத்தலே அதன் இலக்கணம். கருத்தை விடாது பற்றியவாறே கோபத்தை விடலாம். கோபமும் மானமும் கஷாயங்கள். அவை பிறரைச் சுடுமுன் நம் ஆன்மாவையே கட்டுகின்றன.

ஆகவே பெற்றோரே, ஷிப்ட் முடிந்து களைத்து வரும் பிள்ளை அரசியல் பேசினால் வாயை அடைக்க வேண்டா. அச்செய்தி மெய்யென அறிந்தாயா, அதனால் துன்புறுவோர் யார் யார், எதிர்த்துப் பேசுபவனிடம் உனக்குப் பகை உண்டா என்னும் மூன்று வினாக்களை அன்போடு வினவுங்கள். விடை கூறும் பொறுமை அவனிடம் வளரும். அவ்விடையைச் செவிமடுக்கும் பொறுமையை நாம் வளர்த்துக்கொள்வோமாக.

வாழ்க ஜினதருமம்!