வலையை அறுக்கும் தருமம்



கரமடி இழுக்கையில் சில வேளை திமிங்கலச் சுறா அகப்படுகிறது. 12 மீட்டருக்கு மேலும் வளரும் அந்தச் சீவன் மனிதரைத் தின்பதல்ல. கடல்நீரை வடித்துச் சிற்றுயிர்களை உண்பது. 2001-ஆம் ஆண்டு முதல் அதைக் கொல்வது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டத்துக்கு அஞ்சி மட்டுமா விடுவிப்பது? அது சர்வேசுரனின் படைப்பல்லவா?

அதை மணலுக்கு இழுக்காதீர்கள். கரையேறினால் தன் உடற்பாரமே அதை நசுக்கும். வாலில் கயிறு கட்டி இழுக்காதீர்கள். தண்ணீரில் இருக்கும்போதே வலையை அறுத்து, தலையைக் கடல்பக்கம் திருப்பிவிட்டு, வாலுக்கு எட்டாமல் விலகி நில்லுங்கள்.

அறுபடும் வலை பிள்ளைகளின் சோறு என்பதை அறிவோம். கெனேசரேத் ஏரியில் அர்ச். இராயப்பரின் வலையும் மீன்பாரத்தால் கிழியலாயிற்று; கரைசேர்ந்ததும் அவர் எல்லாவற்றையும் விட்டு ஆண்டவரைப் பின்சென்றார். குஜராத் கடலில் 2004 முதல் மீனவர் தங்கள் வலையை அறுத்து இச்சுறாக்களை நூற்றுக்கணக்கில் விடுவித்துள்ளனர். நம்மால் ஆகாதா?

ஆனால் அந்த நட்டத்தை மடிக்காரர் ஒருவரே சுமப்பது நியாயமல்ல. மறுநாள் வலை முடிய ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கை வரட்டும். அதுவே நமது தவக்கிரியை. ஆமென்.