நுரையீரல் புற்றும் முன்வினையும்

நுரையீரல் புற்று என்றதும் பீடியையும் சுருட்டையும் தேடுகிறோம். புகைக்காத ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது வந்துவிட்டாலோ, கொத்மலைத் தேயிலைத் தோட்ட லயங்களில் கைக்கு எட்டும் விளக்கம் தலையெழுத்து. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: நோய்க்கான பொறுப்பை நோயாளியின் தலையிலேயே கட்டிவிடுகின்றன. 2004இல் வெளியான ஆய்வுகள் இந்தக் கணக்கைக் குலைத்தன. ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் நேரும் சிறு மாற்றம் செல்லை ஓயாமல் பெருக வைக்கிறது. அது பெரும்பாலும் பிறப்போடு வருவதில்லை; வாழும் காலத்தில் நுரையீரலின் ஏதோ ஒரு செல்லில் நேர்வது. புகைக்காதவர்களிடமும் பெண்களிடமும் ஆசியர்களிடமும் அதிகம் காணப்படுவது. அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு ஜெஃபிட்டினிப், ஒசிமெர்ட்டினிப் போன்ற மாத்திரைகள் பெருக்கத்தைத் தூண்டும் புரதத்தையே அடக்குகின்றன. இல்லாதவர்களுக்கு அவற்றால் பெரிய பயனில்லை. காரணம் வெளியிலும் இருக்கலாம்: லயக் காம்பராவுக்குள் மண்டும் விறகுப் புகையையும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, அநேகமாகப் புற்றை உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. அடுப்புக்குப் புகைபோக்கி இல்லாதது யாருடைய முன்வினை?

வினையை விட்டால் சைவத்தில் என்ன மிஞ்சும் என்று கேட்கலாம். விடச் சொல்லவில்லை. கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியபோது ஞானசம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்கிறது பெரியபுராணம். வினைப்பயன் உண்டு என்று ஏற்றுக்கொண்டே, அதைச் சொல்லிக்கொண்டு உய்யும் வழி தேடாமல் இருப்பதைக் குறையாகக் காண்கிறது அந்தப் பதிகம். அவர் நாடியது இறைவன் திருவடியை, மாத்திரையை அல்ல என்பது நியாயமான மறுப்புதான். ஆனால் சுரம் கண்டவர்கள் பிறர். வழி தேடியவர் அவர். பிறர் நோயை அவரவர் வினை என்று ஒதுக்கியிருந்தால் பதிகமே பிறந்திராது. நோயாளி தன் ஆறுதலுக்கு விதி என்று சொல்லிக்கொள்வது வேறு, பக்கத்தில் நிற்பவர் சொல்வது வேறு.

இன்னொரு மறுப்பு கனமானது: முற்றிய நோயை இம்மருந்துகள் பொதுவாக முழுதாகக் குணமாக்குவதில்லை, செல்கள் நாளடைவில் அவற்றை மீறிவிடுகின்றன. ஒசிமெர்ட்டினிப்பைப் பழைய மாத்திரைகளோடு ஒப்பிட்ட ஃபிளாரா ஆய்வில், அதை எடுத்தவர்களில் பாதிப்பேர் 38.6 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். பழைய மாத்திரைகளில் அது 31.8 மாதம். ஏறக்குறைய ஏழு மாதத்துக்கு இவ்வளவு செலவா? அதை அளக்க வேண்டியவர் அதை வாழப்போகிறவர். அளப்பதற்கு முன் அவருடைய கட்டியில் அந்த மாற்றம் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். சதைத்துணுக்கு எடுக்கவும் முடிவு கேட்கவும் கண்டி மருத்துவமனைக்கோ மகரகம மருத்துவமனைக்கோ போகும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது. 2024இல் நிர்ணயித்த அடிப்படைச் சம்பளப்படி அது 1350 ரூபாயாக இருந்தது. அந்தப் பேரைத் தோட்டம் போட்டுக் கொடுக்குமா என்பதற்கு விதியில் பதில் தேட வேண்டியதில்லை, தோட்டத் துரையிடம் கேட்கலாம்.