இறங்கவும் எரிபொருள் வேண்டும்

சாத்தான்குளத்துக்குக் கிழக்கே உள்ள குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திலிருந்து தெற்கே ஏவும் ராக்கெட், இலங்கைக்கு மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும். அதில் எரிபொருள் வீணாகும். குலசேகரன்பட்டினத்துக்கு நேர் தெற்கே கடல்தான், சுற்றுவழி தேவையில்லை.

ஏறும்போது எரிபொருளை மிச்சம் பிடிப்பது ஒன்று, இறங்குவதற்கு அதை ஒதுக்குவது இன்னொன்று. 2016 ஏப்ரலில் விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற ஃபால்கன் 9 ராக்கெட்டின் கீழடுக்கு, அட்லாண்டிக் கடலில் மிதந்த மேடையில் செங்குத்தாக வந்து இறங்கியது. அந்த இறக்கத்துக்கென்றே அது எரிபொருளை ஒதுக்கி வைத்திருந்தது. அப்படி ஒதுக்கினால் சுமக்கும் எடை குறையும். ஆனால் ராக்கெட் மிஞ்சும்.

மனிதர்களிலும், உள்ள பலத்தையெல்லாம் ஏறுவதிலேயே செலவழிப்பவர் ஒருமுறைதான் ஏறுவார். சுற்றுவழியில் வீணாவதைத் தவிர்த்து, இறங்குவதற்கும் எடுத்து வைப்பவர் மறுபடியும் ஏறுவார்.