காத்திருக்கிறவன் பொய் சொல்லலாமா?



சபையில் வருகிற ஜெபக் குறிப்புகளைக் கவனித்தீர்களா? கடன், வியாதி, கல்யாணம் என்ற வரிசையில் இப்போது விசாவும் சேர்ந்துவிட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் நம் பிள்ளைகளுக்குப் படிக்க இடம் கிடைக்கிறது, விசா வரவில்லை. கல்லூரி திறக்கும் தேதி நெருங்குகிறது. வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. தாய்க்குத் தூக்கமில்லை.

சில வருடங்களாய் இந்த வாலிபர்களுக்குப் பாரம் நிரப்ப உதவி செய்து வருகிறேன். அவர்கள் திரும்பத் திரும்ப ஒரு கேள்வியோடு வருகிறார்கள். நேராகக் கேட்பதில்லை. "அங்கிள், எல்லாரும் இப்படித்தான் செய்றாங்களாம்..." என்று இழுப்பார்கள். கேள்வி இதுதான்: நம்மேல் தப்பே இல்லாமல் தாமதம் வரும்போது, அதைத் தாண்ட ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன?

அவர்களுடைய வேதனையை நான் லேசாக எண்ணவில்லை. 2025 மே 27-ல் அமெரிக்க அரசு மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதி கொடுப்பதை நிறுத்தியது. ஜூன் 18-ல்தான் மறுபடியும் தொடங்குவதாக அறிவித்தது. ஆகஸ்டில் வகுப்புக்குப் போகிறவனுக்கு அந்த மூன்று வாரம் எவ்வளவு பெரிது! கனடா 2024 ஜனவரியில் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தது. நம்மவர்கள் நம்பியிருந்த துரித வழியையும் அதே வருடம் நவம்பர் 8-ல் மூடிவிட்டது. இதிலே மாணவன் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை.

இப்படித் தவிக்கிறவனிடம்தான் மூன்று பொய்கள் வந்து நிற்கின்றன.

முதல் பொய், கடன் வாங்கிக் காட்டுகிற பணம். இங்கிலாந்துக்குப் போகிறவனுடைய கணக்கில் குறிப்பிட்ட தொகை தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். "பிரதர், ஒரு மாசம் பணத்தைப் போட்டு எடுத்துடலாம், யாருக்குத் தெரியப்போகுது?" என்கிறான் ஏஜெண்ட். தாளில் உள்ள எண் உண்மைதான். ஆனால் "இந்தப் பணம் என் படிப்புக்கு இருக்கிறது" என்று அந்தத் தாள் சொல்லுகிற செய்தி பொய்.

அந்த விதி யாருக்காக? கனடாவில் 10,000 டாலராக இருந்த ஒரு வருடச் செலவுத் தொகை 2024-ல் 20,635 ஆனது. பிறகு இன்னும் கூடியது. பழைய தொகையில் அங்கே பிழைக்க முடியாது என்று கண்டதால்தான் கூட்டினார்கள். வெறுங்கையாய்ப் போய் இறங்குகிறவன் என்ன செய்வான்? கல்லூரி நடக்கும் காலத்தில் அங்கே வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வாடகை கட்ட அதை மீறுவான். அதை மறைக்க இன்னொரு பொய் சொல்லுவான். முதல் பொய் தனியாக ஊர் போவதில்லை, குடும்பத்தோடே போகிறது.

இரண்டாவது பொய், அவசர நேர்காணலுக்குச் சொல்லுகிற கட்டுக்கதை. "பாட்டிக்கு சீரியஸ்னு எழுதிடலாமா?" என்று ஒரு தம்பி கேட்டான். நான் சொன்னேன்: "தம்பி, அந்த இடம் ஆபீசர் வீட்டுச் சொத்து இல்லை. நிஜமாகவே சாகக் கிடக்கிற தாயைப் பார்க்கப் போகிறவனுடைய இடம்." பெரிய அரசாங்கத்தை ஏமாற்றுகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் வரிசையில் நமக்குப் பின்னால் நிற்கிறவனைத்தான் தள்ளிவிடுகிறோம்.

மூன்றாவது கொஞ்சம் கடினமானது. அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விசா கேட்கிறவன் அங்கேயே தங்கிவிட நினைக்கிறவன் என்றே முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படியில்லை என்று அவன்தான் காட்ட வேண்டும். "படிச்சிட்டு வந்துடுவேன்" என்பது பொய்யா? எதிர்காலம் நம் கையில் இல்லை. சட்டமும் தீர்க்கதரிசனம் கேட்கவில்லை, இன்றைய நோக்கத்தைத்தான் கேட்கிறது. திரும்ப வரும் எண்ணத்தோடு போய், பின்பு வாழ்க்கை வேறு பக்கம் திரும்பினால் அவன் பொய்யன் அல்ல. ஆனால் திரும்புவதில்லை என்று வீட்டிலே தீர்மானம் பண்ணிவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் வேறு சொன்னால்? அதற்குப் பெயர் நீங்களே சொல்லுங்கள்.

"அவங்க நம்மளை நியாயமா நடத்தலையே, நாம மட்டும் ஏன் உண்மையா இருக்கணும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உண்மை என்பது நல்லவனுக்கு மட்டும் கொடுக்கிற கூலியா? எதிரே இருக்கிறவனுடைய நடத்தையைப் பொறுத்து என் வார்த்தை மாறுமானால், அது என் வார்த்தையே அல்ல.

மாட்டிக்கொண்டால் வரும் நஷ்டமும் சிறிதல்ல. முக்கியமான காரியத்தில் வேண்டுமென்றே பொய் சொன்னதாகத் தீர்த்தால், அமெரிக்கச் சட்டம் ஆயுளுக்கும் கதவை அடைக்கலாம். 2023-ல் கனடாவில் போலி அனுமதிக் கடிதங்கள் பிடிபட்டபோது, ஏஜெண்டை நம்பிப் போன மாணவர்களே நாடுகடத்தலுக்குப் பயந்து நின்றார்கள். ஆனாலும் பயத்தினால் மாத்திரம் உண்மை பேசுகிறவன், பயம் போனதும் மாறிவிடுவான்.

அப்படியானால் சும்மா உட்கார்ந்திருப்பதா? இல்லை! கல்லூரிக்கு எழுதி, அடுத்த பருவத்தில் சேர அனுமதி கேள். தேதி மாற்றிய ஐ-20 வாங்கிக்கொள். 221(ஜி) என்று தாள் கொடுத்தால் அதோடு முடிந்ததென்று அழாதே. கேட்ட காகிதங்களை ஒரு வருடத்துக்குள் கொடுக்கலாம். 214(பி)-யில் மறுத்தாலும் மறுபடி விண்ணப்பிக்கலாம். விசா கையில் வருமுன் டிக்கெட் எடுக்காதே. இருக்கிற வேலையை விடாதே.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. ஞாயிறுதோறும் அந்தப் பிள்ளையை நிறுத்தி "விசா வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். விசா வந்தவன் சாட்சி சொல்லும்போது கைதட்டுகிறோம், நல்லதுதான். ஆனால் பொய்க் கணக்கைக் காட்ட மாட்டேன் என்று இந்த வருடம் வீட்டிலே இருக்கிறவன் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறானே, அவனிடமும் ஒரு சாட்சி இல்லையா? அவனைப் பேசச் சொன்னோமா? விசா கிடைத்தால்தான் ஆசீர்வாதம் என்று நாம் கற்றுக்கொடுத்தால், பொய் சொல்லச் சொல்லி அவன் முதுகில் தள்ளுகிறவர்கள் நாமே.

ஒரு பருவம் தவறினால் ஆறு மாதமோ ஒரு வருடமோ போகும். அது வலிக்கும். ஆனால் அது திரும்ப வரும். தன் வார்த்தையைத் தானே நம்ப முடியாமல் போனவனுக்கு எந்தக் கல்லூரி அதைத் திருப்பிக் கொடுக்கும்? யோசித்துப் பாருங்கள்.