ஏவுதலும் வழுவாமையும்

ஒரு நூல் இறைவாக்கு எனக் கொள்ளப்படுமிடத்து அதனை எழுதிய மனிதனுக்குரிய இடம் யாது? கிறித்தவ மறை பற்றிய கோட்பாடுகள் பலவும் இவ்வினாவைச் சுற்றியே எழுந்தன. மீமாஞ்சகருக்கு இவ்விடர்ப்பாடு இல்லை. வேதம் எவராலும் ஆக்கப்படாதது என்பது அவர் துணிபாதலின் ஆசிரியன் ஆங்கு வேண்டப்படுவதில்லை. கிறித்தவ மறையிலோ ஆசிரியர் மறைந்து நிற்பதில்லை. லூக்கா, தாம் செய்திகளை ஆராய்ந்தறிந்தே எழுதுவதாக முகப்பிற் கூறுகின்றார். பவுல், கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில், தாம் திருமுழுக்களித்தோர் இருவரே எனத் தொடங்கி, பின்னர் ஸ்தேவானின் வீட்டாரை நினைவுகூர்ந்து, வேறெவரும் உளரோ என்பது தெரியாதென விட்டுவிடுகின்றார். மறதியும் மறையுள் இடம்பெற்றுவிட்டது.

‘தேவ ஏவுதல்’ எனத் தமிழில் வழங்கும் கோட்பாடு, தீமோத்தேயுவுக்கு எழுதப்பெற்ற இரண்டாம் நிருபத்தின் கிரேக்கச் சொல்லொன்றை அடியாகக் கொண்டது. கடவுளின் மூச்சினால் ஆயது என்பதே அச்சொல்லின் பொருள். சொல்வதெழுதுதல் என்னும் கருத்து அதில் இல்லை. அந்நிருபம் ஆங்கு வற்புறுத்துவதும் போதித்தற்கும் திருத்துதற்கும் மறை பயன்படும் என்பதையே.

வழுவாமை இதனின் வேறானது. இடர்ப்பாடு மிகுந்ததும் அதுவே. தாவீது தேவாலயத்து அப்பத்தை உண்ட காலத்தில் தலைமைக் குருவாக இருந்தவன் அபியத்தார் என்கிறது மாற்கு நற்செய்தியின் 2ஆம் அதிகாரம். அப்பத்தைக் கொடுத்தவன் அவன் தந்தை அகிமெலேக்கு என்கிறது சாமுவேலின் முதலாம் புத்தகம். மத்தேயுவும் லூக்காவும் இதே நிகழ்ச்சியைக் கூறுமிடத்துக் குருவின் பெயரையே விட்டுவிட்டனர்! ஒரு வழு காணினும் நூல் முழுவதும் வீழும் எனக் கற்பிக்கப்பெற்ற மாணவன் இவ்விடத்துக்கு வரும்போது கண்ணை மூடவேண்டும். இன்றேல் நூலை மூடவேண்டும். அவ்வாறு அவனை நிறுத்துவது அறமாகுமா என்பதே கேட்கத்தக்கது.

1978இல் சிக்காகோவில் கூடிய சுவிசேஷப் பற்றுடைய புரட்டஸ்தாந்து அறிஞர்கள், வழுவாமை கண்டிப்பான பொருளில் மூலக் கையெழுத்துப் படிகளுக்கே உரியது என வரையறுத்தனர். அம்மூலங்களுள் ஒன்றேனும் இன்று இல்லை. எஞ்சிய படிகளை ஒப்புநோக்கி மூலபாடத்தைப் பெரும்பாலும் மீட்கலாம் என்னும் அவர் விடை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் அபியத்தாரின் பெயர் பழைய படிகள் மிகப் பலவற்றிற் காணப்படுதலின், பழியைப் படியெடுத்தோன் மீது சுமத்துதல் எளிதன்று. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மனிதரின் மீட்பின் பொருட்டு இறைவன் எழுத்தில் அமையக் கருதிய உண்மையை மறை வழுவின்றிப் போதிக்கின்றது என்றது. இது வழுவாமையின் எல்லையைச் சுருக்குகின்றதா என்பதில் கத்தோலிக்க அறிஞரிடையே கருத்தொருமை இல்லை. எனினும் குருவின் பெயர் பிழைத்தமையால் மீட்பின் செய்தி பிழைபடாது என்று நேர்மையுடன் சொல்ல அது இடந்தருகின்றது. சிக்காகோ வரையறை தராத இடம் இது.

தமிழ் வாசகனுக்கோ மூலமும் இல்லை, மூலமொழியும் இல்லை, கையிலிருப்பது மொழிபெயர்ப்பே. 1850இல் சென்னையில் அச்சான பேர்சிவல் பாதிரியாரின் வேதாகமத் தமிழாக்கத்தில் சைவராகிய ஆறுமுக நாவலரின் உழைப்பும் கலந்துள்ளது. மூலப்படிக்கு மட்டும் உரிய வழுவாமை, அந்நூலைக் கையிலேந்தி வழிபட்டவனுக்கு என்ன உறுதியை அளித்திருக்கும் என்பதற்கு அக்கோட்பாட்டினர் இன்னும் விடை கூறவேண்டியவராகவே உள்ளனர்.